நாலு உள்ளங்கை ரப்பர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அந்தக் கடைசி வருஷமும் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் இருந்த நாள்தான் அதிகம். ஆனால் ரப்பர் விஷயத்தில் என்னை மிஞ்சின ஆள் கோயம்புத்தூரில் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேல் அச்சு, தேய்ந்து வழுவழுவென்று ஆகிப்போன லாரி டயர் மேல் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, திரும்ப ரோட்டுக்கு அனுப்புகிற தொழில். ரீபட்டன் என்போம். சங்ககிரி லாரியும் நாமக்கல் லாரியும் என் பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றிருக்கின்றன. ஒரு பட்டறை மூன்று ஃபேக்டரி ஆகிவிட்டது. இப்போது மூன்றையும் மகள் பார்த்துக்கொள்கிறாள்.

எனக்கு மீட்டர் எதுவும் தேவைப்பட்டதில்லை. கட்டைவிரல் நகத்தை டயரில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவேன். பிறை மாதிரி ஒரு தடம் விழும். அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்தே ரப்பரின் வயது, சரக்கின் தரம், எத்தனை வெயில் தின்றிருக்கிறது எல்லாம் சொல்லிவிடுவேன். மகள் இன்ஜினியரிங் முடித்து வந்த புதிதில், ரப்பரின் கடினம் அளக்கிற மீட்டர் ஒன்றை வாங்கி வந்து என் நகத்தோடு போட்டிக்கு விட்டாள். ஒரு டயரில்கூட நகம் தோற்கவில்லை. மீட்டரைத்தான் ரிப்பேருக்கு அனுப்பச் சொன்னேன்.

அறுபத்தாறாம் வயதில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். இரண்டே சீட்டு, தரையை ஒட்டின உயரம், முதுகுக்குப் பின்னால் எஞ்சின். அவினாசி ரோட்டில் சிக்னலில் நின்றால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். கூட வர ஆள் இல்லாததுதான் குறை. என் மனைவி காங்கேயத்துக்காரி, எண்ணெய் மில் வைத்திருந்த வீட்டுப் பெண். "கெணத்துல எறங்கற மாதிரி எறங்கோணும். அதுல நான் வரலீங்க" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அவள் மனதை மாற்றியது பனி. ஊட்டியில் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டினது மாதிரி வெளுத்துக் கிடக்கும் படம் ஒன்று அவள் போனுக்கு வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில், அந்தப் பனியை ஒருதரம் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதற்காக வேண்டுமானால் கிணற்றில் இறங்குகிறேன் என்றாள். மார்கழி மாதம். ஊட்டிக்குள் கார் போக வேண்டிய இ-பாஸை மகள் எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் மத்தியானம் போர்டிகோவில் நிறுத்தி நாலு டயரிலும் நகம் வைத்துப் பார்த்தேன். காரோடு வந்த ஸ்போர்ட்ஸ் டயர், அல்வா மாதிரி அமுங்கியது. இது ரோட்டைப் பிடித்தால் விடவே விடாது என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

விடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே கிளம்பி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினோம். காபி ஃபிளாஸ்க் வைக்க அந்தக் காரில் இடம் கிடையாது. அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஊட்டிக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தி, கிழக்கு கொஞ்சம் வெளுக்கட்டும் என்று அரை மணி நேரம் இருந்தோம். காரின் கூரைமேல் மெல்லிசாக வெள்ளை படிந்தது. அங்கிருந்து கிளம்பி நாலைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தைல மரங்கள் நெருங்கி நிற்கிற ஒரு வளைவு. மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் ரோட்டில் கசிந்து கிடந்தது. நான் வேகமாகப் போகவில்லை. வளைவு முடிகிற இடத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டேன், அவ்வளவுதான். காரின் பின்பக்கம் யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு பக்கமாகச் சுழன்று போனது. கண்ணாடிக்கு முன்னால் மரங்கள் ஓடின. நின்றபோது வந்த வழியைப் பார்த்தபடி நின்றோம். பின்பம்பருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண். சுவருக்கு அந்தப் பக்கம் மூடுபனி மட்டும்தான்.

அவள் காலடியில் உருண்ட ஃபிளாஸ்க்கை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் இறங்கிப் போய்ப் பின் டயரில் நகம் வைத்தேன். நகம்தான் மடங்கியது. தடம் விழவில்லை. முந்தின நாள் அல்வாவாக இருந்த அதே ரப்பர், கருங்கல் தூண் மாதிரி இருந்தது. அத்தனை வருஷம் ரப்பரோடு வாழ்ந்த நான் அந்த ரோட்டோரத்தில் குனிந்தபடியே நின்றுவிட்டேன். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம்.

புல்வெளிப் பனியைப் பார்க்காமலே திரும்பினோம். வீடு வந்து சேர்ந்ததும் அவள் சொன்னாள்: "காரை வித்துப்போடுங்க."

நான் கெஞ்சினேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தப்பு காரில் இல்லை, டயரில்தான், அதை மாற்றிவிடுகிறேன் என்று இரண்டு நாள் எடுத்துச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இறங்கி வந்தாள். "இன்னொருக்கா வாரேன். அதே எடத்துல இம்மி வழுக்குனாலும் அன்னிக்கே வித்துப்போடோணும். நீங்களும் அதுல ஏறப்படாது." நான் ஒத்துக்கொண்டேன். ஆக, ஒரு டயரைத் தேர்ந்தெடுப்பதில் என் கார் தொங்கியது. அவளுடைய உயிரும்தான்.

முதலில் எதன்மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். ஃபேக்டரியில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர்களில் சுண்ணாம்பு பூசி, கீழே கறுப்புத் தகடு வைத்து இறக்கினேன். மறுபடி தூக்கினால் தகட்டில் டயரின் அச்சு. அதன்மேல் என் கையை வைத்தேன். உள்ளங்கை ஏறக்குறைய மூடிவிட்டது. நாலு டயருக்கும் அப்படித்தான், பின்னால் இரண்டு விரல் கூடுதல். அவ்வளவு பெரிய இரும்பு, அந்த எஞ்சின், நான், அவள், அவள் மடியில் ஃபிளாஸ்க், எல்லாவற்றையும் மலைமேல் பிடித்து நிறுத்துவது நாலு உள்ளங்கை ரப்பர். ஆயிரக்கணக்கான டயருக்கு ரப்பர் போட்டவன் நான். ஒருநாளும் இதை அளந்து பார்த்ததில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

பிறகு டயர்க் கடைக்காரரிடம் போனேன். பெரிய கார்களுக்கு மட்டும் டயர் விற்கிறவர், ரொம்ப நாள் பழக்கம். அடிபட்டு ஒதுக்கின டயர்களிலிருந்து மூன்று துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒன்று என் காரில் இருக்கிற ஸ்போர்ட்ஸ் டயர். இன்னொன்று எல்லாப் பருவத்துக்கும் ஆகும் என்று விற்கிறது. மூன்றாவது வெளிநாட்டுக் குளிருக்கென்றே செய்தது, யாரோ வரவழைத்து இங்கே சரிப்படாமல் போட்டுவிட்டுப் போனது. பனி கொட்டுகிற அந்த நாடுகளில் வருஷத்துக்கு இரண்டு தரம் ஊரே டயர் மாற்றும் என்றார். நாம் போர்வையை எடுத்து மடித்து வைக்கிற மாதிரி.

வீட்டு வாசலில் உட்கார்ந்து மூன்றிலும் நகம் வைத்தேன். மத்தியான வெயிலில் மூன்றும் அமுங்கின. ஸ்போர்ட்ஸ் டயர்தான் எல்லாவற்றையும்விட நன்றாக ஒட்டுகிற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்க்கப் பாட்டிலோடு வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தத் தேங்காயெண்ணை இப்பத் தண்ணியா ஓடுது. மார்கழி விடியால கல்லாட்ட நிக்குது. உங்க ரப்பர் மட்டும் வேற சாமி பெத்ததுங்களா?"

நான் என் கட்டைவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நகம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஆனால் அது கோயம்புத்தூர் வெயிலைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அவளே மூன்று துண்டுகளையும் வாங்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊட்டி விடியற்காலைக்கும் மாவு வைக்கிற தட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அவள் கணக்கு. மறுநாள் காலையில் எடுத்தோம். ஸ்போர்ட்ஸ் டயர்த் துண்டைத் தரையில் போட்டால் மரக்கட்டை மாதிரி சத்தம். நகம் இறங்கவில்லை. நடுவில் இருந்த துண்டில் பிறை விழுந்தது, மெதுவாக மறைந்தது. குளிர்நாட்டு டயர்த் துண்டு, வெயிலில் இருந்த மாதிரியே இருந்தது. குளிருக்கு அது அசையவே இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த ஊரிலோ யாரோ ஒருவர் உட்கார்ந்து, பனியில் தூங்காத ரப்பர் ஒன்றைக் கலக்கிச் செய்திருக்கிறார். அதன் முகத்தில் கத்தியால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கில் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு கோடும் ரோட்டைக் கவ்வுகிற ஒரு விளிம்பு. நானும் டயரில் கோடு வெட்டியிருக்கிறேன், இத்தனை மெல்லிசாக வெட்ட எனக்குத் தோன்றியதே இல்லை. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதையே போட்டுவிடலாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "நம்மூருக்கு ஆகாதுங்க அய்யா. மலையடிவாரக் கல்லாறு போறதுக்குள்ள வெயில் ரோட்டுல தேஞ்சே போயிரும்." அதுவும் நியாயம்தான். எங்கள் ஊர்க்காரனின் கஷ்டமே அது. ஒரே காலையில் கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடு. இரண்டுக்கும் ஆகிற டயர் நடுவில் இருந்ததுதான். ஆனால் அதைப் போட்டால் காரின் முழு வேகத்துக்கு ஓட்டக்கூடாது என்றார். இத்தனை வேகம் போகும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் நடு டயருக்கே சொல்லிவிட்டேன். என் காரின் அளவில் அது வந்து சேர மூன்று வாரம் ஆனது. பொங்கலும் முடிந்துவிட்டது.

தை மாதக் கடைசியில் மறுபடி மலையேறினோம். அவள் மடியில் ஃபிளாஸ்க். முதல் நாள் மத்தியான வெயிலில் டயரில் காற்று அளந்திருந்தேன், இருட்டில் கிளம்பும் முன் மறுபடி அளந்தேன், குறைந்திருந்தது. காற்றும் குளிரில் சுருங்குகிறது, அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். கொஞ்சம் அடித்துக்கொண்டேன். அதே டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள். அன்றைக்கு மாதிரியே அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்றாள். நின்றோம். கூரை வெளுத்தது. கிளம்பினேன். தைல மரங்கள் வந்தன. கசிந்த தண்ணீர் வந்தது. வளைவு முடிகிற இடத்தில், அன்றைக்குத் தொட்ட அதே அளவு ஆக்சிலேட்டரைத் தொட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள், அந்த இடம் எப்போது வரும் என்று.

"தாண்டியாச்சு புள்ள."

"எப்பங்க? ஒண்ணுமே ஆவுலயே?"

"ஆவாம இருந்தாத்தான் டயரு."

"நான் பாக்கலீங்க. திருப்புங்க."

திருப்பினேன். கீழே போய் மறுபடி ஏறினேன். இரண்டாம் தரம் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் என்றாள். மூன்றாம் தரம் பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஃபிளாஸ்க் மேல் வைத்துக்கொண்டு மரங்களைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது: நல்ல டயர் தன் வேலையைச் செய்வது யாருக்கும் தெரியாது. என் வாழ்நாள் முழுவதும் என்னைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். அந்த நாலு உள்ளங்கை ரப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சரிவில் புல் வெளுத்துக் கிடந்தது. சூரியன் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. அவள் கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி காரிலிருந்து ஏறி, செருப்பைக் கழற்றாமலே போய்க் குனிந்தாள். புல்லைக் கையால் வருடி, விரலில் ஒட்டின பனியை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். நாக்கிலும் வைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை. இரண்டு கை நிறைய அள்ளப் பார்த்தாள், அது தண்ணீராகிப் போனது. திரும்பி வரும்போது விரலெல்லாம் சிவந்து விறைத்திருந்தது. காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பின் டயர்மேல் வைத்தாள். ஓடி வந்த ரப்பரில் வெதுவெதுப்பு இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள், என்னை மாதிரியே.

நான் தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, ஒவ்வொருக்காவும் இந்த ஃபிளாஸ்க்க மடியிலயே வெச்சுட்டு வர முடியாதுங்க. அதுக்கு ஒரு எடம் பண்ணுங்க" என்றாள்.

மறுநாளே ஃபேக்டரியில் ரீபட்டன் ரப்பரிலேயே ஒரு கூடு செய்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் பொருத்தினேன். எத்தனை வளைவு வந்தாலும் ஃபிளாஸ்க் அசையாது.