மெகேதபேல் என்ற பெயர் வந்த விதம்

காலை ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பவள் என் தோழி. அவள் மாரிகுப்பத்தில் ஏறுவாள், நான் சாம்பியன் ரீப்ஸில். இருவருக்கும் பெங்களூரில் வேலை. நான் அம்மன் கோவிலுக்குப் போகிறவள், அவள் சர்ச்சுக்கு. கல்யாணமாகிப் பல வருடம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. கரு கலைந்துபோய் மறுபடி வேலைக்கு வந்த நாட்களில் அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள்.

ஒரு வழியாகப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா பேர் சொல்லிட்டாரு. மெகேதபேல்."

"இன்னாது?"

"பாத்தியா, உனக்கே இப்பிடி கீது. இஸ்கூல்ல தபேலான்னு கூப்புடுவாங்க."

அவளுடைய மாமனார் எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினம் விடிகாலையில் பைபிளில் ஓர் அதிகாரம் படிப்பார். பிள்ளை பிறக்கும் நாளில் எந்த அதிகாரமோ, அதிலிருந்துதான் அந்த வீட்டில் பெயர். அன்றைக்கு ஆதியாகமம் முப்பத்தாறு. ஏசாவின் வம்ச வரலாறு. பக்கம் முழுக்க ஆண்களின் பெயர்கள். பெண்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களிலும் ஏசாவின் மனைவிமார் மாமனார் மாமியார் மனதை நோகடித்தவர்கள். அந்தப் பெயர்களை அவர் தொடவில்லை. கடைசியில் ஏதோம் தேசத்து ராஜாக்களின் வரிசை. அத்தனை ராஜாக்களில் ஒருவனுடைய மனைவிக்கு மட்டும் பெயர் சொல்லியிருக்கிறது. மெகேதபேல்.

மாமனார் அறை வாசலோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே வந்தார்.

"எனக்கும் வாய்ல நொழையலம்மா. அர்த்தம் தெரியாம கொழந்தைக்கு வெக்க மாட்டேன். நீ போன்ல பாத்து சொல்லு. நல்லா இல்லன்னா வுட்டுடலாம்."

தேடினேன். எபிரேயப் பெயர் என்றிருந்தது. அதற்குக் கீழே அர்த்தம். சத்தமாகப் படித்தேன்: "தேவன் நன்மை செய்கிறார்."

தோழி போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "இன்னொரு வாட்டி படி," என்றாள். படித்தேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் நெற்றியில் விரலை வைத்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.

"சரி மாமா. அதே இருக்கட்டும்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, "அந்தப் பொண்ணோட பாட்டன் பேரு மேசகாப்னு போட்டு கீது. அது இன்னான்னு பாரு," என்றார்.

பார்த்தேன். பொன் நீர் என்று ஓர் அர்த்தம். யூதர்களின் பழைய உரையில் வேறு மாதிரி: அவன் பெரிய பணக்காரன், தங்கம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, "தங்கம் என்ன தங்கம்?" என்று கேட்பவன், அதுவே பெயரானது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சொரங்கத்துக்குள்ள கேஜுல எறங்கி எறங்கி வயசே போச்சும்மா. நாங்க ஒருத்தராவது 'இன்னா தங்கம்'னு கேட்டோமா? இப்ப சொரங்கத்த மூடிட்டாங்க, ஷாப்ட் பூரா தண்ணி. அதுவும் பொன் நீருதான்."

ஞானஸ்நானத்தன்று பாதிரியார் பெயரைச் சொல்லும்போது திக்கினார். முன்வரிசையிலிருந்து மாமனார் எழுந்து, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார். வீட்டில் பயிற்சி எடுத்திருக்கிறார் என்று தோழி என் காதில் சொன்னாள். கடைசி வரிசையில் என் அம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெகேதபேல் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் லீவுக்கு எங்களோடு பெங்களூர் வந்தாள். வழியெல்லாம் ஒரே பேச்சு, கன்னடமும் தமிழுமாக. எதிரில் இருந்த அம்மாள் பெயரைக் கேட்டார். சொன்னாள். அவர் புரியாமல் விழித்ததும், "இப்பிடி சொல்லுங்க ஆண்ட்டி," என்று பொறுமையாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் அந்தப் பெட்டியில் பாதிப் பேர் சரியாகச் சொன்னார்கள்.