மேட்டுக்குடியின் கேட்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி.யில் பெரிய வேலை. புனேயில் தமிழர்கள் கூடும் எந்த மேடையில் மைக்கைப் பிடித்தாலும் "மேட்டுக்குடி மனப்பான்மை"யைச் சாடாமல் இறங்கமாட்டார். மேட்டுக்குடி என்பது அவரைப் பொறுத்தவரை எப்போதும் வேறு யாரோ.

அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று எனக்கு ஒரு சொந்த அனுமானம் உண்டு. அகராதி எதையும் புரட்டவில்லை. மேடு, அங்கே குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் நுழையாதோ அவர்கள். படிப்பு, பரம்பரைப் பெருமை, நுனிநாக்கில் பேசும் ஆங்கிலம் எல்லாம் தரை காய்ந்திருந்ததால் பிற்பாடு சேர்த்துக்கொண்டவை. புனேயில் ஆற்றையொட்டிய சாங்வியில் இருந்துகொண்டு எனக்கு வேறெப்படித் தோன்றும்? இங்கே ஆற்றோரச் சந்தில் என் தம்பி குடியிருக்கிறான். மேட்டில், ஒன்பதாவது மாடியில் நான். இருவரும் வளர்ந்தது அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில், ஒற்றை அறையில்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அணையைத் திறந்துவிட்டார்கள். தம்பி போன் செய்தான்.

"அக்கா, பானி சந்துக்குள்ள வந்துடுச்சி. ரிக்ஷாவ உங்க பார்க்கிங்ல போட்டுக்கட்டா?"

முந்தைய மழைக்கு அவன் ஓட்டும் ஆட்டோ ரிக்ஷாவின் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து, வண்டி ஓடாமல் அவன் வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடாகிவிட்டது. உடனே வரச் சொன்னேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வாடகை வண்டி உள்ளே வரக் கூடாதாம். செயலாளரைக் கூப்பிட்டேன். மேட்டுக்குடியின் பரம எதிரி குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ரூல்னு ஒண்ணு இருக்குதுங்களே மேடம். இன்னைக்கு ஒருத்தர விட்டா, நாளைக்கு அந்தச் சந்தே வந்து நிக்குமுங்க."

நேராகப் பார்க்கிங்குக்குப் போனேன். என் காரை எடுத்தேன். வெளியே போகிறேன் என்று நினைத்து கேட்டைத் திறந்தார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். பின்னால் முதலில் ஹாரன் அடித்தது செயலாளரின் மனைவி. ரூலுக்கும் செயலாளருக்கும் இருந்த உறவு அத்தோடு முறிந்தது.

என் கார் தெருவுக்குப் போனது, ரிக்ஷா என் இடத்தில் நின்றது. எனக்கு ஒரே கொண்டாட்டம். தம்பி தொப்பலாக நனைந்திருந்தான்.

"மேல வாடா, தலைய துவட்டிக்க. சூடா சாப்பிடு."

அவன் கால்களைப் பார்த்தான். முழங்கால்வரை சேறு.

"வேணாம்க்கா. லிஃப்ட் அழுக்காயிடும். உங்க ஆளுங்க ஏதாவது சொல்வாங்க."

உங்க ஆளுங்க என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும் ஒரே துண்டில்தான் தலை துவட்டுவோம்.