அம்மை குத்தப் போன இன்பமேரி

குமுளிக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்து ஆசுபத்திரியில் இன்பமேரி மருத்துவச்சியாக இருந்தாள். 1930-ஆம் வருஷம் அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் மலைக்காய்ச்சலில் போய் எட்டு வருஷமாகியிருந்தது. திருநெல்வேலிச் சீமைக்குப் போய்ப் பிரசவம் பார்க்கவும் அம்மை குத்தவும் கற்றுக்கொண்டு, மறுபடியும் அதே மலைக்கு ஏறி வந்தவள். விடிய விடியப் பிரசவம் பார்த்தாலும் அவளுக்கு அலுப்புத் தட்டாது. தை மாதம் நெருங்கினால்தான் உடம்பு கனக்கும்.

மழை ஓய்ந்த தை மாசியில் ஏலத்தோட்டங்களுக்கு நடந்து போய், கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாக அம்மை குத்த வேண்டும். உடும்பஞ்சோலைப் பக்கம்வரை பன்னிரண்டு நாள் சுற்று. ஆண்களுக்குக் குத்துவது, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் சுருளிவேல். பெண்களும் பிள்ளைகளும் இன்பமேரியின் பொறுப்பு. கம்பத்துக்காரனான சுருளிவேல் ஆசுபத்திரிக்குள் தங்கமான மனுஷன். புண்ணைக் கழுவும்போது ஊதி ஊதிக் கழுவுவான். தோட்டத்து எல்லையைத் தாண்டிக் காட்டுப்பாதையில் இறங்கியதும் ஆள் மாறிவிடுவான்.

முதல் வருஷம், மருந்துப் பெட்டி சுமக்கிறவனை முன்னதாகவே லயத்துக்கு அனுப்பிவிட்டு, அவளை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தான். "பின்னால வந்தாத்தான் உங்க நடையோட அழகு தெரியுது" என்றான். மறுநாள் அவள் அவனை முன்னால் போகச் சொன்னாள். வளைவுக்கு வளைவு நின்று, அவள் உரசிக்கொண்டு கடக்கும்படி காத்திருந்தான். ஓடையைத் தாண்டக் கை கொடுத்தவன் கரையேறியும் விடவில்லை. ஒரு லயத்தில் கங்காணியிடம், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம்பு போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இன்பமேரி பையை எடுத்துக்கொண்டு, ஏலக்காய் பறிக்கும் ராமுத்தாயின் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாளும் மலை ஏறிய களைப்பைவிட, அவன் அடுத்து என்ன செய்வான் என்று பார்த்துப் பார்த்து நடந்த களைப்புதான் அவளைத் தின்றது.

அடுத்த தை வருமுன் டாக்டரிடம் போய் நின்றாள். கோட்டயத்துக்காரரான அவர் நல்லவர்தான், ஆனால் எதையும் காதில் முழுசாக வாங்காதவர்.

"டிரஸ்ஸர் கூடப் போக எனக்கு ஒப்பலைங்கய்யா."

"ஏன், அவர் உன்னை என்ன செய்தார்?"

நடையைப் பற்றிச் சொன்னான், வளைவில் நின்றான், கையை விடவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தால் எதுவுமே ஒரு குற்றமாக நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாம் சேர்ந்துதான் அவளை அழுத்தியது. அந்தச் சேர்த்தியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அது கெடக்கட்டுங்கய்யா. சுமடு தூக்க ஆம்பளைக்குப் பதிலா ஏலக்காய் பறிக்கிற ராமுத்தாயை அனுப்புங்க. அது போதும்" என்றாள்.

சின்ன விஷயம்தானே என்று டாக்டர் தலையசைத்தார்.

ராமுத்தாய் தலையில் மருந்துப் பெட்டியோடு இருவருக்கும் நடுவே நடந்தாள். "நீ முன்னால போயி லயத்துல சொல்லி வையி" என்று சுருளிவேல் அவளை விரட்டிப் பார்த்தான்.

"மருந்து சூடாகிரும்யா. நர்சம்மா அப்பப்ப ஈரத்துணி சுத்தணுமாம், தள்ளிப் போகக்கூடாதாம்" என்றாள் ராமுத்தாய். அசையவில்லை.

நான்கு நாள் அப்படியே கழிந்தது. ஐந்தாம் நாள் காலை ஒரு தோட்டத்தில், பெண்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். இன்பமேரி ஒரு குழந்தையை மடியில் வைத்துக் குத்திக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கம் கூட்டம் இல்லாததால் சுருளிவேல் இங்கே வந்து நின்றான். நான்கு நாளின் எரிச்சல் அவன் முகத்தில் இருந்தது.

"பெரிய பத்தினி மாதிரிக் காவலுக்கு ஆளு கூட்டிட்டு வந்திருக்கா. போன வருசம் இவ எங்க படுத்தான்னு கேளுங்க" என்றான், எல்லாப் பெண்களுக்கும் கேட்கும்படி.

இன்பமேரி குத்தி முடித்து, ரத்தத்தைத் துடைத்து, குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"ராமுத்தாய் வீட்டுல படுத்தேன், சந்தனத்தக்கா வீட்டுல படுத்தேன், இந்தத் தோட்டத்துல சின்னத்தாய் வீட்டுல படுத்தேன். டிரஸ்ஸரய்யா, ஒரே ரூம்பு கேட்டது நீங்க. நான் கேக்கலை."

வரிசையில் நின்ற சின்னத்தாய், "ஆமா, எம்புள்ளைகளோடதான் படுத்துக் கெடந்தாக" என்றாள். வரிசை முழுக்க ஓரடி நகர்ந்து அவனுக்கு முதுகு காட்டியது. அன்று மத்தியானம் ஆண்களும் அவனிடம் கை நீட்ட வரவில்லை. வீட்டுக்காரிகள் என்ன சொன்னார்களோ, எல்லோரும் இன்பமேரியிடமே வந்தார்கள். சுருளிவேல் பையை எடுத்துக்கொண்டு குமுளிக்குத் திரும்பிவிட்டான்.

மிச்சமிருந்த ஏழு நாளும் இருவர் வேலையை அவள் ஒருத்தியே செய்தாள். உடும்பஞ்சோலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ராமுத்தாய் தவிட்டைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தாள். காட்டுப்பாதையில் முதல்முறையாகப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்ததாக இன்பமேரி அவளிடம் சொன்னாள். சொன்னபோது சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அவள் திரும்பி வருவதற்குள் சுருளிவேல் ஆசுபத்திரியில் கதை கட்டிவிட்டிருந்தான். சண்டைக்காரி, வாய்த்துடுக்கு, லயத்துச் சனங்களைத் தூண்டிவிட்டாள் என்று. டாக்டர் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவரு சொல்லுறதை எழுதிக்கிடுங்கய்யா. எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. அடுத்த வருசம் முழுச் சுற்றும் நானே போறேன், ராமுத்தாயோட. அவரு இங்கேயே இருக்கட்டும்."

"ரெண்டு ஆள் வேலையாச்சே?"

"தெரியும்."

டாக்டர் அவளுடைய வீங்கிய கையைப் பார்த்தார். பிறகு சரி என்றார். சுருளிவேலைத் தண்டிக்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அதன்பின் ஒன்பது தை மாதம் அவள் அப்படித்தான் போனாள். மற்ற மாதங்களில் அதே ஆசுபத்திரியில், அதே மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று சுருளிவேல் புண் கழுவினான். காலையில், வேதக்காரர் வணக்கம் சொல்வதுபோல, "தோத்திரம்மா" என்பான். அவளும் தலையை அசைத்துவிட்டு, பஞ்சு இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொள்வாள்.