ஐம்பது மீட்டர் ஆழத்துப் பச்சை

தண்ணீர் பாட்டில் மூடியளவே இருக்கும், கடல்நீரை வடிகட்டும் வட்டமான வெள்ளைத் தாள் அது. நடுவில் பச்சை படிந்திருந்தது. கொத்தமல்லிச் சட்னி சொட்டிய வேட்டியைத் துவைத்த பிறகும் போகாமல் நிற்குமே, அந்தப் பச்சை. வங்காள விரிகுடாவின் நடுவே, ஆய்வுக்கப்பலின் சின்ன அறையில், அக்கா அதை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, "சார், அம்பது மீட்டர் தண்ணி எம்மாம் பச்சையா கீது பாருங்க" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கோ எரிச்சல் வந்தது.

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர் அவர். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். இயக்குநர் உட்பட எல்லோருக்கும் அக்காதான். கடல்நீரைப் புட்டியில் பிடிக்கும்போது அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு புட்டியை நிரப்பி, சீட்டு ஒட்டி, அதில் எழுதிய ஆழத்தை வாய்விட்டுப் படித்து, மூடிய பிறகே அடுத்த புட்டியைத் தொடுவார். நாங்கள் அதைக் கேலி செய்வோம். நான் அப்போதுதான் முனைவர் பட்டத்தோடு வந்து சேர்ந்திருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் கடலின் நிறத்தைப் பார்த்தே வாங்கிய பட்டம். நிஜக்கடலில் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி.

கடலில் சுழல்கள் உண்டு. ஆளை விழுங்கும் சுழல் அல்ல, ஒரு மாவட்டத்தைவிடப் பெரிய வட்டமாக வாரக்கணக்கில் மெல்லச் சுற்றும் நீர். நம் பக்கத்துக் கடலில் அது இடஞ்சுழியாகச் சுற்றினால், ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் நடுவில் மேலெழும். அதில் பயிருக்கு உரம்போல ஊட்டச்சத்து இருக்கும். வெயிலும் அந்தச் சத்தும் ஒன்றுசேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். பாசிகளைத் தின்னச் சின்ன உயிர்கள், அவற்றைத் தின்ன மீன்கள் என்று நம் தட்டில் விழும் சங்கரா வரை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. சுழலின் நடுவில் மேல்நீர்தான் நல்ல பச்சையாக இருக்கும் என்று கப்பல் ஏறுமுன்பே எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தேன். ஆனால் அக்கா வடிகட்டிய மேல்நீரின் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

"மேல் தண்ணியையும் அடித் தண்ணியையும் மாத்திட்டீங்க அக்கா" என்றேன். "இல்ல சார், படிச்சுப் படிச்சுத்தான் மூடுனேன்" என்றார். நான் கேட்கவில்லை. சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் பயணத் தலைவரிடம் சொன்னேன். பதிவேட்டில் இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதி, பக்கத்தில் 'உதவியாளரின் தவறு' என்று குறித்தேன். அடுத்த பயணப் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. அதன்பின் புட்டி கழுவும் வேலைதான். கடலுக்குப் போவது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன்.

அந்த அடுத்த பயணத்தில், இன்னொரு சுழலின் நடுவில், நானே என் கையால் வடிகட்டினேன். மேல்நீர் வெள்ளை, ஐம்பது மீட்டர் பச்சை. காரணம் பிறகு புரிந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் எடை குறைந்தது. உப்புநீர்மேல் மூடிபோலக் கிடக்கும். சுழல் தூக்கிவிடும் சத்து அந்த மூடியைத் தாண்டாது. பாசி அதற்குக் கீழே, வெயில் கொஞ்சமாவது எட்டும் ஆழத்தில் செழிக்கும். செயற்கைக்கோளின் கண்ணுக்கு அது படாது. இதையெல்லாம் கட்டுரையாக எழுதினேன், பாராட்டும் வாங்கினேன். பழைய பதிவேட்டைத் தொடவில்லை. ஊர் திரும்பிய அன்று, கழுவுதொட்டியருகே நின்றிருந்த அக்கா, "ட்ரிப் நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்டார். "ம்" என்றேன். என்ன மனிதன் நான்!

வருடங்கள் ஓடின. அக்கா ஓய்வுபெற்றார். நான் பேராசிரியரானேன். போன மாதம் என் ஆய்வு மாணவி பழைய அளவுகளையெல்லாம் வரைபடமாக்கிக் கொண்டுவந்து, "இந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் சார் தலைகீழா இருக்கு?" என்றாள். என் கையெழுத்தில் இருந்த குறிப்பையும் காட்டினாள். நான்தான் மாற்றினேன் என்று அவளிடம் சொன்னேன். எண்களைத் திருத்தி, குறிப்பை அடித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கம் போனேன்.

அக்கா மாதா கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அப்போ நான் மாத்தலையா சார்?"

"இல்லக்கா."

"படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இத்தினி பேரு ஒழைப்பைக் கெடுத்துட்டேனேன்னு ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். மனசு ஆறல. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலத்துல அதையேதான் ஃபாதர்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன்."

எத்தனை தவக்காலம் என்று எண்ணத் தொடங்கினேன்.