ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

பத்தாவதோடு நின்ற நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், விடுதி இரைச்சலில் படிக்க முடியாமல் இரண்டு பாடத்தில் தோற்றாள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரின் கடைசித் தெருவில் வாடகை வீடு பார்த்தோம். வாடகை குறைவு, சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரான செந்துறையிலிருந்து சாமான்களோடு குடிவந்தோம்.

மதியம் சோற்றில் கை வைத்தபோது தரை குலுங்கியது. அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பயந்துட்டீங்களா? கல்லு குவாரியில வேட்டு வைக்கிறாங்க. ஞாயித்துக்கிழம மட்டுந்தான் லீவு."

"வூட்டு ஓனரு சொல்லவே இல்லீங்களே, அக்கா?"

"வாடகை ஏன் இவ்ளோ கம்மின்னு நீங்க கேட்டீங்களா?"

கூச்சத்தில் நான் எதையுமே கேட்டிருக்கவில்லை.

மறுநாள் மகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாள்.