நான் அடைத்துவிட்ட மூன்று தீவுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இடம் போர்ட் பிளேர், அபர்தீன் பஜாரிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழியில் இருக்கும் சிறிய பூங்கா. எங்கள் ஊரில் வருடந்தோறும் கோடையில் ஓவிய விழா ஒன்று நடக்கும். பத்து நாட்களுக்கு பஜார் சுவர், பஸ் நிலையம், படகுத்துறை, பூங்கா என்று எங்கே திரும்பினாலும் படமும் சிலையுமாக இருக்கும். டிக்கெட் கிடையாது. காய்கறி வாங்கப் போகிறவர்கள் கூடப் பார்த்துக்கொண்டே போகலாம். நானும் அப்படிப் பார்த்துக்கொண்டே போகிற ஆள்தான். அந்த வருடம் மட்டும் கை வைத்துவிட்டேன்.

நான் மீன்பிடித் தொழில் செய்பவன். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இதே போர்ட் பிளேரில், ஜங்லிகாட் பகுதியில். கடலில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கிழிந்த வலையைத் தைப்பதில் என்னை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தது என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பெருமையால் எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. எங்கே எது பழுதாகிக் கிடந்தாலும் கேட்காமலே சரிசெய்யப் போய்விடுவேன். பக்கத்து வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் போய், அந்தத் தெருவுக்கே இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் செய்தவன் நான்.

அன்று என் படகு எஞ்சினைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். பட்டறை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். நானோ ஆறரைக்கே பஜாருக்கு வந்துவிட்டேன். டீயைக் குடித்துவிட்டுப் பூங்காவுக்குள் போனால், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே நீளமாக ஒரு மத்தி வலையைத் திரை மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கண்ணி, அதாவது நூல் கட்டம், பொடியாக இருக்கும் நல்ல வலை. நூலும் கெடவில்லை. ஆனால் வலையெங்கும் சிறிதும் பெரிதுமாக ஓட்டைகள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மாலையில் பெரிய அதிகாரிகள் வருவார்கள், மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். மீனவனின் வலை என்றால் இப்படித்தான் கந்தலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகமாட்டார்களா? அலங்காரத்துக்குக் கட்டியவனுக்கு ஒரு நல்ல வலை கூடவா கிடைக்கவில்லை? என் பையில் ஊசியும் நைலான் நூலும் எப்போதும் இருக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த மூன்று பெரிய ஓட்டைகளைப் பார்த்தேன். ஊசியை எடுத்துவிட்டேன்.

வலை தைக்கிறவர்கள் முதலில் கிழிசலின் ஓரத்தில் தொங்கும் பிசிறுகளை வெட்டிச் சீராக்குவார்கள். அப்போதுதான் புதுக் கண்ணி பழையதோடு ஒழுங்காகச் சேரும். நானும் மூன்று ஓட்டைகளின் ஓரத்தையும் சுத்தமாக வெட்டிவிட்டு நிதானமாகத் தைத்தேன். ஒன்பதரை மணிக்கு மூன்றும் முடிந்துவிட்டன. பட்டறை ஞாபகம் கூட இல்லை. இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். தைத்த இடமே தெரியவில்லை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அப்போது தோளில் பையோடு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே, மூன்றை முடித்துவிட்டேன், ஏணி கொடுத்தால் மேலே இருப்பதையும் முடித்துத் தருகிறேன், காசெல்லாம் வேண்டாம் என்று இந்தியில் சொன்னேன். இங்கே முன்பின் தெரியாதவர்களிடம் இந்தியில்தான் பேச்சைத் தொடங்குவோம். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"அண்ணே, அது கிழியல. நான் வெட்டுனது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். படுக்கை வாட்டில் வரைந்த வரைபடம். அந்தமான், நிக்கோபார் தீவுகள் அத்தனையும் அதில் இருந்தன. வலைதான் கடல், ஓட்டைகள்தான் தீவுகள். நான் அடைத்துவிட்ட மூன்றும் ஹேவ்லாக், கார் நிக்கோபார், லிட்டில் அந்தமான். ஓரத்தை வேறு சுத்தமாக வெட்டிவிட்டதால் கரைகள் போன இடமே தெரியவில்லை.

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து சத்தம் போட்டார். போலீஸ் வரைக்கும் பேச்சுப் போனது. அந்தப் பெண்தான் அவரை நிறுத்தினாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. புல்லில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள். அவள் சொந்த ஊர் லிட்டில் அந்தமானில் ஹட் பே. மகள் டீச்சர் வேலைக்குப் போகாமல் படம், கிடம் என்று அலைகிறாளே என்று அப்பாவுக்குப் பெரிய வருத்தம். இதுவரை அவள் செய்த ஒன்றையும் அவர் பார்த்ததில்லை. முதல் தடவையாக அப்பாவும் அம்மாவும் கப்பலில் வருகிறார்கள், நாலு மணிக்கு இங்கே இருப்பார்கள், மறுநாள் காலையிலேயே திரும்பிவிடுவார்கள்.

"நம்ம ஊரு எங்கன்னுதான் மொதல்ல தேடுவாங்க, அண்ணே," என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. எனக்கும் ஒரு மகள் உண்டு. பட்டறைக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலு மணிக்குள் மூன்றையும் திறந்து கொடுத்துவிட்டுத்தான் இங்கிருந்து நகருவேன் என்று அவளிடம் சொன்னேன். வீட்டுக்கும் போன் செய்தேன். என் மனைவி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "ஒங்க கைய கட்டித்தான் வெளிய அனுப்பணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தைப்பதற்கு மூன்று மணி நேரம் என்றால், பிரிப்பதற்கு அதைப் போல இரண்டு பங்கு. என் முடிச்சுகள் அவிழாது என்று பெருமை பேசினேன் அல்லவா, அன்று முதல் தடவையாக அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஒவ்வொரு முடிச்சையும் பிளேடால் தனித்தனியாக அறுக்க வேண்டும். பக்கத்துக் கண்ணியில் பட்டால் தீவு பெரிதாகிவிடும். பழைய கரை போய்விட்டதால் நான் தைத்த கண்ணியிலேயே கொஞ்சம் விட்டுவைத்து, புதுக் கரையை உண்டாக்க வேண்டும். அவள் தாளைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னாள், நான் அறுத்தேன்.

முதலில் லிட்டில் அந்தமானைத் திறக்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தவங்க ஊரு மொதல்ல. எங்க ஊருதானே, எங்கப்பா பொறுத்துக்குவாரு," என்றாள். ஹேவ்லாக்கைத் திறக்கும்போது, படகு அணையும் இடத்தில் கரை இன்னும் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும், தாளில் அது இல்லை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு அப்படியே செய்யச் சொன்னாள். அப்போதுதான் முதல் தடவை சிரித்தாள்.

மூன்றரை மணிக்கு இரண்டு தீவுகள் திறந்துவிட்டன. லிட்டில் அந்தமானில் பாதி கூட ஆகவில்லை. வெயில் சாய்ந்து வலையின் மேல் விழுந்தபோதுதான் நான் இன்னொன்றைக் கவனித்தேன். வலைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரை முழுக்க அதன் நிழல். அந்த நிழலுக்கு நடுவே வடக்கிலிருந்து தெற்கு வரை தீவுகள் வெளிச்சமாகக் கிடந்தன. அவள் காட்ட நினைத்தது வலையை அல்ல, தரையை. இத்தனை நேரம் அதன் பக்கத்திலேயே நின்றும் எனக்கு அது தெரியவில்லை.

நாலு மணிக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். கமிட்டிக்காரர் என்னை ஓரமாகப் போகச் சொன்னார். அந்தப் பெண், அண்ணன் வேலை செய்யட்டும் என்று சொல்லிவிட்டாள். கூட்டம் பார்க்கப் பார்க்க நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பாவும் அம்மாவும் கப்பலிலிருந்து இறங்கிய பையோடு வந்து சேர்ந்தார்கள். அப்பா வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதுவா நீ செய்தது என்பது போல் மகளைப் பார்த்தார். அவள் தரையைக் காட்டினாள்.

நான் ஒரு முடிச்சை அறுத்தால் தரையில் கொஞ்சம் வெளிச்சம் கூடியது. அடுத்ததை அறுத்தால் இன்னும் கொஞ்சம். கூட்டம் வலையை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்தது. கீழே ஒரு தீவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரை திறந்ததும் அந்த அப்பா பையைக் கீழே வைத்தார்.

"ஏய், நம்ம ஊரு வருது பாரு," என்றார் மனைவியிடம்.

கடைசி முடிச்சு அறுந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்துக்குள் போய் நின்றார். துறை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே என்று காலாலேயே காட்டினார். பிறகு மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, நம் வீடு இதுதான் என்று ஓர் இடத்தில் நிறுத்தினார். மகளையும் பக்கத்தில் வரச் சொன்னார். மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தில் ஒட்டி நின்றார்கள். கூட்டத்தில் ஆளாளுக்கு அவரவர் தீவைத் தேடிப்போய் நிற்க ஆரம்பித்தார்கள். கமிட்டிக்காரர் யாரோ ஓர் அதிகாரியிடம், தீவை எல்லோர் முன்னாலும் திறக்க வேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்தோம் என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

இப்போதும் எதையாவது ஓட்டையோடு பார்த்தால் என் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஊசியை எடுக்கும் முன் இது யாருடையது, தைக்கவா என்று கேட்டுவிடுகிறேன். என் மகள் அவள் வழியில் ஏதாவது செய்யும்போதும் அப்படித்தான். நான் ஓட்டை என்று நினைப்பது, அவள் நிற்பதற்கென்று வெட்டி வைத்த இடமாக இருக்கலாம்.