இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு ஓர் இடம்

ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியையாக இருப்பவளுக்குப் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லா வேலையும் வந்து சேரும் என்பது என்னைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்களுக்குத் தெரியும். மணி அடிப்போம், முட்டை எண்ணுவோம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவோம். தெருத் தெருவாக அலைந்து பள்ளிக்கு இடம் கேட்கும் வேலை மட்டும் எனக்குப் போன வருடம்தான் வந்தது. காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் எங்கள் ஊர். இருபத்து மூன்று பிள்ளைகள், நான், உதவி ஆசிரியர் செல்வராஜ் சார், ஓர் ஓட்டுக் கட்டடம். அந்தக் கட்டடத்தை இழந்ததில் மழைக்கும் கறையானுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பெரிய பங்கு என்னுடையது.

அழகாக எழுதிய மனு

நாலைந்து ஓடு உடைந்து ஒரு மூலையில் ஒழுகியது, அவ்வளவுதான். ஊர்க் கொத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி மாற்றித் தருகிறேன் என்றார். அரசாங்கக் கட்டடத்தில் வெளியாள் கை வைத்தால் வம்பு என்று நான்தான் தடுத்தேன். நாம் மனு எழுதும் லட்சணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து கேட்டால் இரண்டு கிடைக்கும். ஓடு வேண்டுமென்றால் கூரையே விழுகிறது என்று எழுத வேண்டும். நானும் 'சுவர்கள் பெரிதும் விரிசல் கண்டு மாணவர்களின் உயிருக்கு எந்நேரமும் ஆபத்து' என்று எழுதி, ஜன்னலுக்கு மேலிருந்த மயிரிழை விரிசலைக் கிட்டே போய்ப் போட்டோ எடுத்து இணைத்தேன்.

நான் எழுதிய எந்த மனுவுக்கும் இத்தனை சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை. பத்தாம் நாள் பொறியாளர் வந்துவிட்டார். சுவரைத் தட்டினார், மனுவை இரண்டு தரம் படித்தார், பயன்படுத்தத் தகுதியற்றது என்று எழுதிக் கதவைப் பூட்டச் சொன்னார். புதுக் கட்டடம் எப்போது வருமென்று அவருக்குத் தெரியாது. அதுவரை இடம் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இடமில்லாத பள்ளியில் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், பிள்ளைகள் குறைந்தால் பள்ளியையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓடு மாற்றினால் போதும் சார், கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன் என்று அசடு வழிந்தேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உயிருக்கு ஆபத்துன்னு நீங்களே எழுதிட்டீங்க டீச்சர், இனி நான் பூட்டாம போனா என் வேலைக்கு ஆபத்து."

முட்டை தின்ற வாய்

ஊர் கூடிப் பேசிப் பெருமாள் கோயில் முன்மண்டபத்தைக் கொடுத்தார்கள். காற்று, நிழல், குழாய்த் தண்ணீர் எல்லாம் இருந்தது. சத்துணவில் தினம் ஒரு முட்டை உண்டு என்பதை அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முதல் நாள் மத்தியானமே தர்மகர்த்தா ஓடி வந்தார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சோறு மண்டபத்தில், முட்டை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில். சமையல் செய்யும் ஷமீம் அக்கா முட்டைப் பாத்திரத்தோடு அங்கே நிற்பார். பிள்ளைகள் வரிசையாகப் போய்த் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துத் திரும்புவார்கள்.

புரட்டாசி பிறந்ததும் அதுவும் செல்லாது என்றார்கள். ஊரே சுத்தபத்தமாக இருக்கும் மாதத்தில் முட்டை தின்ற வாயோடு மண்டபம் ஏறக்கூடாதாம். சட்டப்படி முட்டையை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, நிறுத்த மனசும் இல்லை. கிளம்புகிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மூன்றாம் வகுப்பு ஹர்ஷினி, வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண், தமிழே தெரியாமல் வந்து சேர்ந்து இப்போது செய்தித்தாளைத் தடுமாறாமல் படிப்பவள், எழுந்து நின்று கேட்டாள்: "வாயைக் கொப்புளிச்சிட்டோம் டீச்சர், வவுத்துல இருக்கறதை என்ன பண்றது?"

மழை வரும்வரை

அடுத்து முருகேசனின் பட்டுப்புழுக் கொட்டகை. மழையில்லாமல் மல்பெரி காய்ந்து, புழு வளர்க்க வழியில்லாமல் கொட்டகை சும்மா கிடந்தது. மழை வரும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். நான் பாடம் நடத்திய இடங்களில் அதுதான் உசத்தி. ஜன்னலுக்கெல்லாம் வலை, ஓர் ஈ கிடையாது. புழு வளர்க்கும் அடுக்குகளில் புத்தகப் பை, கீழடுக்கில் ஒன்றாம் வகுப்பு.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஊரே சிரித்த நாளில் வானத்தைப் பார்த்து வைதவள் நான் ஒருத்திதான். அதற்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. மல்பெரி தழைத்தது. கொட்டகையைக் கழுவி மருந்தடித்தால்தான் புழு இறக்க முடியும். முருகேசன் மருந்துத் தெளிப்பானோடு வாசலில் வந்து நின்றார். நானே புரிந்துகொண்டு பைகளை எடுக்கச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "எம்புழு இருபத்தஞ்சு நாள்ல தானே வூடு கட்டிக்குதுங்க, இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு வூடு கட்ட ஆளில்லீங்களே டீச்சர்."

டி.சி. கேட்டு வந்தவர்

பிறகு ரேஷன் கடை வராந்தா. அரிசி லோடு வந்தால் விடுமுறை, சாரல் அடித்தால் விடுமுறை. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் டி.சி. கேட்டு வந்தார்கள். கார்த்திகையில் பதினொரு பேர் மிஞ்சினார்கள். செல்வராஜ் சார் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கவே யோசிப்பார்.

ஒருநாள் ஹர்ஷினியின் அம்மா மஞ்சுளா வந்தார். சாமந்தி பறிக்கும் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். தனியார் பள்ளி வேன் தெருமுனைக்கே வருகிறதாம். பஞ்சாயத்தில் நூலகக் கட்டடம் கேட்டிருக்கிறேன், தை வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுதக் கூச்சமில்லை, அந்தப் பெண்ணுக்கு அ போடச் சொல்லிக் கொடுத்தது என் கை. மஞ்சுளா கோபப்படவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "சாமிக்குக் காலி பண்ணீங்க, புழுவுக்குக் காலி பண்ணீங்க, அரிசி மூட்டைக்கும் எந்திரிச்சு நிக்கறீங்க, எம்புள்ளை எங்க உக்கார்றதுன்னு நான் கேக்கக் கூடாதுங்களா டீச்சர்?"

கிடைத்துவிட்ட இடம்

தையில் நூலகக் கட்டடம் கிடைத்தேவிட்டது. பல வருடமாகப் பூட்டிக் கிடந்தாலும் கான்கிரீட் கூரை, சொட்டு ஒழுகாது. நானும் சாரும் ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, பழைய பள்ளியின் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டோம். திங்கட்கிழமை மணி அடித்தேன். நான்கு பேர் வந்தார்கள்.

சாயங்காலம், டி.சி. வாங்கிப் போனவர்களின் வீடுகளுக்கு நடந்தேன். மஞ்சுளா வீட்டு வாசலில் ஹர்ஷினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து 'குட் ஈவினிங் மிஸ்' என்றாள். மூன்று வருடம் டீச்சர் என்று கூப்பிட்டவள். ஒருமுறை வந்து கட்டடத்தைப் பாருங்கள், ஐந்தாவது முடியும்வரை அசைய மாட்டோம் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். மஞ்சுளா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னா நல்ல எடமாத்தான் இருக்குமுங்க டீச்சர், ஆனா எம்பொண்ணு இப்பத்தான் ரெண்டு மாசமா ஒரே எடத்துல சேந்தாப்புல உக்காந்திருக்கா, மறுபடியும் எழுப்ப மனசு வரலீங்க."

இப்போது எங்கள் பள்ளியில் ஒழுகாத கூரையும், இருபத்து மூன்று பேருக்கான பெஞ்சும், நான்கு பிள்ளைகளும் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இடவசதி தாராளம் என்று தவறாமல் எழுதிவிட்டுப் போகிறார்கள்.